முல்லைப்பெரியாறு: 142 அடி, 152 அடி, புது அணை, 50 அடிச் சுரங்கம்

முல்லைப்பெரியாறு பற்றித் தேனி, மதுரைப் பக்கம் பேச்செடுத்தால் 142 அடி நீர்மட்டத்தில் தொடங்கி 152 அடியில் முடியும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குப் போனால் புது அணையில் தொடங்கிப் புது அணையிலேயே முடியும். நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவே அதை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்து மேடைகளிலும் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம். எந்த வழியில் நமக்கு எத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) கிடைக்கும் என்பதோடு, அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் ஆற்றங்கரையில் படுத்துத் தூங்குகிறவருக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அணைக்கு ஏதாவது ஆனால் முதல் அடி வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை ஊர்களுக்குத்தான்.

அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் தொடங்கி 1895-ல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த கல் அணை. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்த சாந்து. அணை கேரள மண்ணில் இருக்கிறது. இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. தேக்கடி வழியாக மலையைக் குடைந்த சுரங்கத்தில் தண்ணீர் கிழக்கே வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்து, வைகையில் சேர்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம். மதுரைக்குக் குடிநீரும் இதுதான். ஆக, இந்த அணையை மூடிவிடுங்கள் என்பது ஒரு யோசனையே இல்லை. அதைத் தாண்டிப் போகலாம்.

அணைகள் எப்படி உடைகின்றன என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். கேரளத்தில் இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 1979-ல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை ஒரு கணக்கு இல்லை. அங்கே நடந்தது என்ன? வடிவமைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வெள்ளம் வந்தது. இரண்டு பக்கத்து மண்கரைகளுக்கு மேலே தண்ணீர் ஏறி ஓடி அரித்துக்கொண்டு போனது. 2021 நவம்பரில் ஆந்திராவில் அன்னமய்யா அணையும் இப்படித்தான். ஒரு ஷட்டர் வேலை செய்யாத நிலையில் வெள்ளம் மேலேறி மண்கரையை உடைத்தது. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துப் போனது. மதகுகளைத் திறக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் லிபியாவின் தெர்னாவில் இரண்டு அணைகள் இரவோடு இரவாக உடைந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கடலுக்குக் கொண்டுபோயின.

இதில் அணையின் வயது என்பது பாதிக் கதைகூட இல்லை. உயிரை எடுத்தவை வேறு: கணக்குக்கு மீறிய வெள்ளம், திறக்க முடியாத மதகு, பலவீனமான மண்கரை, நேரத்துக்குப் போய்ச் சேராத எச்சரிக்கை. மச்சு-2-ஐக் கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. முல்லைப்பெரியாறு 130 ஆண்டு தாண்டியும் நிற்கிறது. "பழைய அணை, அதனால் உடையும்" என்பதையும் "இத்தனை வருஷம் நின்றது, அதனால் உடையாது" என்பதையும் நான் ஏற்பதில்லை. எல்லா வழிகளையும் அந்த நான்கு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

முதல் வழி, இப்போது இருப்பதே. 142 அடி.

1979-ல் மத்திய நீர் ஆணையம் சொன்னபடி நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். அதன்பின் தமிழ்நாடு செய்த பலப்படுத்தும் வேலைகள் சாதாரணமானவை இல்லை. அணையின் தலையில் 12,000 டன் எடைக்கு கான்கிரீட் தொப்பி. மேலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு இறக்கிக் கட்டிய எஃகு வடங்கள். பின்பக்கம் முழுக்கக் கான்கிரீட் முட்டு. கூடுதலாக 3 மதகுகள், மொத்தம் 13. இப்படிப்பட்ட அணை தன் எடையாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. எடையைக் கூட்டினால் உறுதி கூடும் என்பது நேரான கணக்கு. பழைய சாந்தும் புதுக் கான்கிரீட்டும் ஒன்றாக வேலை செய்யுமா, நிலநடுக்கத்தில் என்ன ஆகும் என்று கேரளம் கேட்ட கேள்விகளும் நியாயமானவையே. உச்ச நீதிமன்றம் அமைத்த, முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு இதையெல்லாம் ஆராய்ந்து, வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் மூன்றிலும் அணை பாதுகாப்பானது என்று 2012-ல் சொன்னது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு அனுமதி தந்தது. அந்த நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு அணை 142-ஐத் தொட்டது.

அந்தக் குழுவின் முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. மதகுகளின் அடிமட்டமே 136 அடியில்தான் இருக்கிறது. அதாவது 13 ஷட்டரையும் முழுசாகத் தூக்கினாலும் தண்ணீர் 136-க்குக் கீழே இறங்காது. அதற்குக் கீழே இருப்பதை வெளியேற்ற ஒரே வழி தேக்கடிச் சுரங்கம். அது விநாடிக்குச் சுமார் 2,000 கன அடி இழுக்கும். 136-லிருந்து 104 அடிவரை சுமார் 6.1 டிஎம்சி இருக்கிறது. கணக்குப் போட்டால், ஒரு சொட்டு மழை வராவிட்டாலும் அதை இறக்க ஐந்து வாரம் ஆகும். 104-க்குக் கீழே சுமார் 5 டிஎம்சி கிடக்கிறது. அதை எந்த வழியாகவும் எடுக்க முடியாது. சுரங்கத்தின் வாயே 104-ல்தான். நாளைக்கே அணையில் பெரிய விரிசல் கண்டாலும், அவசரமாகக் காலி செய்ய முடியாத அணை இது. 142-ஆ 136-ஆ என்று நாற்பது வருடமாகச் சண்டை போட்ட அந்த 6 அடியில் இருப்பது ஒன்றரை டிஎம்சி. யாராலும் தொட முடியாமல் அடியில் கிடப்பது அதைப்போல மூன்று மடங்கு.

அடுத்தது, அதே பெரியாற்றில் கீழே இருக்கும் இடுக்கி அணை. முல்லைப்பெரியாறு உடைந்தாலும் இடுக்கி அணை தாங்கிக்கொள்ளும் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. பாதி உண்மை. 142 அடியில் இங்கே இருக்கும் மொத்தத் தண்ணீர் சுமார் 12.7 டிஎம்சி. இடுக்கி ஏரியின் பரப்பு ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர். அத்தனையும் அங்கே போய்ச் சேர்ந்தால் நீர்மட்டம் 20 அடி ஏறும். இடுக்கி 20 அடி குறைவாக இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால்? 2018 ஆகஸ்ட் 15-ஐ நினைத்துப் பாருங்கள். முல்லைப்பெரியாறு 142 அடியில். இடுக்கி அதன் நிறைமட்டமான 2,403 அடியை ஒட்டி. 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கியின் செறுதோணி மதகுகளைத் திறந்து விட்டிருந்தார்கள். இரண்டு அணையும் ஒரே மழையில்தான் நிறையும், அதுவும் ஒரே வாரத்தில். எப்போது தாங்க வேண்டுமோ அப்போதுதான் இடுக்கியில் இடம் இருக்காது. அப்புறம், இடுக்கி எவ்வளவு காலியாக இருந்தாலும் இரண்டு அணைக்கும் நடுவில் இருக்கிற வண்டிப்பெரியாறுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது.

இரண்டாவது வழி, 152 அடி. அணை முதலில் வடிவமைக்கப்பட்ட நிறைமட்டமே இதுதான். 104-க்கு மேல் 10.5 டிஎம்சி கிடைக்கும். 142-ல் கிடைப்பது 7.67. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கும், கடைமடையில் ஒருபோகத்துக்கே வானத்தைப் பார்க்கும் மேலூர்க்காரருக்கும் அந்த மூன்று டிஎம்சி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும், கீழே இருப்பவர்களின் ஆபத்தைக் கூட்டும் ஒரே வழியும் இதுதான். வெள்ளம் வரும்போது வாங்கிக்கொள்ள அணையில் இருக்கும் காலி இடத்தை இது தின்றுவிடும். வேறு வழியில் அந்தத் தண்ணீர் கிடைக்குமென்றால் 152-ஐப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

152-ஐ ஒட்டி வரும் பேபி அணைப் பிரச்சினையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரதான அணைக்குப் பக்கத்தில் 240 அடி நீளத்தில் ஒரு சிறு அணை, அதை ஒட்டி ஒரு மண்கரை. அதைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி தந்தது. சில நாளில் அரசு அதை நிறுத்தி வைத்தது. பேபி அணையைப் பலப்படுத்திவிட்டால் தமிழ்நாடு 152 கேட்கும் என்பது அவர்களுடைய பயம். அரசியலாகப் பார்த்தால் புரிகிறது. பாதுகாப்பாகப் பார்த்தால் கொஞ்சமும் புரியவில்லை. மோர்பியிலும் அன்னமய்யாவிலும் போனது மண்கரைதான். கல் அணை தன் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடினாலும் தாங்கலாம், மண்கரை தாங்காது. இந்த அணையில் வெள்ளத்துக்கு முதலில் பயப்பட வேண்டிய இடம் அதுதான். நீர்மட்டம் எத்தனை அடி என்ற வழக்கு எப்படி முடிந்தாலும் அந்த வேலை நடந்தே ஆக வேண்டும். வண்டிப்பெரியாறு மக்களின் உயிரைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்த 15 மரங்களைக் காரணமாகச் சொல்லி அதை நிறுத்தக் கூடாது. பதிலுக்குத் தமிழ்நாடும், இந்த வேலையை 152-க்கான சாட்சியாகக் காட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கலாம். அதில் நமக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?

மூன்றாவது, புது அணை. "கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர்" என்பது கேரளத்தின் முழக்கம். இப்போதைய அணைக்கு 366 மீட்டர் கீழே கட்டுவது திட்டம். அந்த முழக்கத்தை ஏமாற்று வேலை என்று ஒதுக்கித் தள்ள நான் தயாராக இல்லை. இரவில் மழை பெய்தால் தூக்கம் வராதவர்கள் கேட்கிற கோரிக்கை அது. புது அணையில் அடிமட்ட மதகு வைக்கலாம், கண்காணிப்புக் கருவிகளை உள்ளேயே பதிக்கலாம், இன்றைய வெள்ளக் கணக்குக்கு ஏற்ப வடிவமைக்கலாம். கட்டுமானமாக மட்டும் பார்த்தால் நான்கு வழிகளில் இதுவே சிறந்தது.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தின் நடுவே வன அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி, இரு மாநில ஒப்புதல், நீதிமன்றம், அப்புறம் கட்டுமானம். அத்தனை வருடமும் கீழே இருப்பவர்களைக் காக்க வேண்டியது அதே பழைய அணைதான். அதுவும், 366 மீட்டர் தள்ளிப் பாறையைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது. புது அணை முடிந்த பிறகு பழைய அணையை என்ன செய்வது? இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நின்றபடி ஒரு நூற்றாண்டுக் கல் அணையை இடிப்பது தனியான ஒரு பெரிய வேலை. அதைப் பற்றிப் பேச்சே காணோம். தமிழ்நாட்டின் பயமும் வெறும் பிடிவாதம் இல்லை. 1886 குத்தகை இந்த அணைக்கு எழுதியது. அணை போனால் குத்தகை என்ன ஆகும், மதகின் சாவி யார் கையில் இருக்கும் என்பதற்குச் சட்டப்படி உறுதியான பதில் வராதவரை, நம் பக்கத்து எந்த அரசும் இதற்குக் கையெழுத்துப் போடாது. போடவும் கூடாது.

இனி நான்காவது. ஆனந்த் குழு 2012-ல் புது அணைக்கு மாற்றாகச் சொன்னது: 50 அடி மட்டத்தில் ஒரு புதுச் சுரங்கம். 2014 தீர்ப்பிலும் இது இருக்கிறது. புது அணை, சுரங்கம் என்ற இரண்டு மாற்றுகளில் எதிலாவது இரு மாநிலங்களும் இணங்கி வந்தால் நீதிமன்றத்தை அணுகலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்கள்.

இதன் பலனைக் கொஞ்சம் கணக்காகப் பாருங்கள். பள்ளத்தாக்கு கீழே போகப் போகக் குறுகும். 50 அடிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் சொற்பமாகத்தான் இருக்கும். 104-க்குக் கீழே பிணமாகக் கிடக்கும் 5 டிஎம்சியில் 4 டிஎம்சி அளவுக்காவது எடுக்கக் கிடைக்கும் என்பது என் தோராயம். துல்லியம் சர்வேயில் தெரியும். 136 அடியில் இப்போதே 6.1 டிஎம்சி. இரண்டையும் கூட்டினால் 10 டிஎம்சியைத் தாண்டுகிறது. 152 அடிக்கு ஏற்றினால் கிடைக்குமென்று இத்தனை ஆண்டு போராடுகிறோமே, கிட்டத்தட்ட அதே தண்ணீர், 16 அடி கீழே நின்றபடி. இன்றைய 142 அடி அளவே போதும் என்றால் நீர்மட்டத்தை 130-க்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது அணையில் நிற்கும் மொத்தத் தண்ணீர் இன்றைய 12.7-லிருந்து 9 டிஎம்சிக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடுக்கிக்கும் பாரம் குறையும். மேலே 10, 15 அடிக்கு வெள்ளத்தை வாங்கிக்கொள்ளக் காலி இடம் இருக்கும். எல்லாவற்றையும் விட, அவசரம் என்றால் அணையைக் காலி செய்ய ஒரு வழி கிடைக்கும். 130 ஆண்டுகளாக இல்லாதது அது.

இதிலும் குறைகள் உண்டு. தேக்கடியில் ஏரி ஆழமில்லை. அங்கேயே வாயை வைத்தால் 50 அடிக்கு எட்டாது, ஆழமான பகுதிவரை சுரங்கத்தை நீட்ட வேண்டும். பழைய சுரங்கம் ஒரு மைலுக்குச் சற்று மேல். புதியது அதைவிட நீளும், அதுவும் காப்பகத்துக்கு அடியில். தாழ்வாக வெளியே வருவதால் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குப் போகும் குழாய்களின் தலைப்பகுதியை மாற்ற வேண்டும். மின்சாரம் கொஞ்சம் குறையும். ஏரியை அடிவரை உறிஞ்சினால் கோடையில் யானைக்கும் மீனுக்கும் என்ன மிஞ்சும்? தேக்கடியில் படகை நம்பிப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்? ஆகவே கோடைக்கு ஒரு குறைந்தபட்ச மட்டத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்; அதற்குக் கீழே எடுப்பது கடும் வறட்சிக்கும் அவசரத்துக்கும் மட்டும். பழைய அணையும் இருக்கத்தான் போகிறது, அதற்கான பராமரிப்பும் ஆய்வும் நிற்காது. கேரளம் கேட்கிற விரிவான பாதுகாப்பு ஆய்வை வேண்டாம் என்று சொல்லத் தமிழ்நாட்டுக்குக் காரணம் இல்லை. நல்ல முடிவு வந்தால் நமக்கு நல்லது. கெட்ட முடிவு வந்தால் அது முதலில் தெரிய வேண்டியது நமக்குத்தான், இயக்குபவர்கள் நாம்தானே.

என்னுடைய தேர்வு சுரங்கம்தான். புது அணைக்குக் கதவைச் சாத்தாமல், ஆனால் சுரங்கத்தை முதலில். இரண்டு மாநிலமும் எதையும் விட்டுக்கொடுத்ததாகத் தலைகுனியாமல், கீழே உள்ள ஆபத்தைக் குறைக்கிற வழி வேறொன்றை நான் பார்க்கவில்லை. குத்தகையும் தொடரும், தண்ணீரும் வரும், தலைக்கு மேல் நிற்கும் மட்டமும் இறங்கும்.

சுரங்கத்துக்கும் ஆண்டுகள் பிடிக்கும், சரி. அதுவரை என்ன செய்வது என்பதற்கு எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரே பதில்தான். 2021 டிசம்பர் தொடக்கத்தில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் மதகுகளைத் திறந்ததில் வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. போதிய எச்சரிக்கை இல்லையென்று கேரள முதல்வர் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுதினார். அது அணை உடைந்த வெள்ளம்கூட இல்லை, திறந்துவிட்ட வெள்ளம். நீர்மட்டம் 142-ஐ நெருங்கும் என்பது மழையையும் வரத்தையும் பார்த்து முந்தின நாள் மாலையே கணிக்கக்கூடியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பகலிலேயே திறந்தால் நமக்கு நட்டம் சில மில்லியன் கன அடி. இந்த அணைக்கு 2000 வாக்கில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, 2021 ஜனவரியில்தான் மீண்டும் வந்தது. இருபது ஆண்டு ஜெனரேட்டரை நம்பி ஷட்டர் ஏற்றி இறக்கினார்கள். இரண்டு அரசுகளும் வழக்குக்குச் செலவழித்த கவனத்தில் ஒரு பங்கு அந்தக் கம்பிக்குப் போயிருக்கலாம்.

ஆற்றோர ஊர்களில் சைரன். மலையாளத்திலும் தமிழிலும் அறிவிப்பு. எந்த வீட்டார் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதற்கு ஆண்டுதோறும் ஜூனுக்கு முன் ஒத்திகை. முல்லைப்பெரியாறுக்கும் இடுக்கிக்கும் தனித்தனி ரூல் கர்வ் (எந்த மாதத்தில் எவ்வளவு நீர்மட்டம் வரை நிறுத்தலாம் என்ற வரம்பு) போடாமல், ஒன்று நிறைந்தால் மற்றது இடம் விடுகிற மாதிரி ஒரே அட்டவணை. இது எதற்கும் நிலம் எடுக்க வேண்டாம், வன அனுமதி வேண்டாம், 1886 ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டாம். அணையைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவுக்கு 2022-ல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களை உச்ச நீதிமன்றம் கொடுத்தது; இப்போது அந்தப் பொறுப்பு தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் அமைந்த புதுக் குழுவிடம் இருக்கிறது. குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இந்த அட்டவணையையும், 50 அடி மட்டத்துக்கான கூட்டு சர்வேயையும் இரண்டு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து முன்வைக்கலாம்.